குடியுரிமை லேசுல கிடைக்காத நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தார்ல 14 வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பின ஆளு நான். டீக்கடையில உக்காந்தாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாலும் சரி, "இத்தன வருஷம் இருந்தியே, அங்க சிட்டிசன்ஷிப் வாங்கிருக்கலாம்ல"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் வக்கீல் கிடையாது. சட்டம் அடிக்கடி மாறுது, அதனால காசு கட்டுற விஷயம்னா சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுக்குங்க.

எந்த நாட்டுல குடியுரிமை வாங்குறது ரொம்பக் கஷ்டம்?

ஒரே ஒரு நாட்டைக் காட்டி இதான்னு சொல்ல முடியாதுங்க, ஏன்னா கஷ்டம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி. வளைகுடாவுல 20, 25, 30 வருஷம்னு சட்டத்துல போட்டிருப்பான், ஆனா அத்தன வருஷம் முடிச்சவனுக்கும் கிடைக்காது. சுவிஸ்ல 10 வருஷம்தான், ஆனா நீங்க இருக்கிற ஊர்க்காரங்க உங்கள ஏத்துக்கணும். பூட்டான்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் பூட்டான்காரங்களா இருக்கணும். லைபீரியாவுல உங்க தோல் நிறமே தடை. வருஷக் கணக்க வச்சுத்தான் எல்லாரும் கஷ்டம் ஈஸின்னு பேசுறாங்க, நான் பாத்த வரைக்கும் அது ரெண்டாவது விஷயம். தகுதி இருந்தா குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லுதா, இல்ல தகுதி இருந்தாலும் குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டமா, அதத்தான் முதல்ல பாக்கணும்.

விசா, பிஆர், குடியுரிமை எல்லாம் ஒண்ணுதானே?

இல்ல. விசா கேன்சல் ஆனா கிளம்பணும். பிஆர்னா நிரந்தரமா தங்குற அனுமதி, கொஞ்சம் ஆசுவாசமா இருக்கலாம், ஆனா நாட்ட விட்டு ரொம்ப நாள் வெளிய இருந்தாலோ பெரிய கேஸ்ல மாட்டினாலோ போயிடும். குடியுரிமைன்னா அந்த நாட்டு பாஸ்போர்ட், ஓட்டு, உங்க பிள்ளைகளுக்கும் சேர்த்து. துபாய் கோல்டன் விசா வாங்கிட்டு "நான் எமிராத்தி ஆயிட்டேன்"னு ஸ்டேட்டஸ் போடுறவங்கள நானே பாத்திருக்கேன், அது 10 வருஷ விசாங்க, அவ்வளவுதான்.

கத்தார்ல 25 வருஷம் இருந்தா குடியுரிமை உண்டுன்னு சொல்றாங்களே?

சட்டத்துல இருக்கிறது உண்மைதான். 2005ம் வருஷத்து 38ம் நம்பர் சட்டம். தொடர்ச்சியா 25 வருஷம் இருக்கணும், சட்டப்படியான வருமானம் வேணும், நல்ல நடத்தை வேணும், அரபி ஓரளவு நல்லா தெரியணும். அதோட ஒரு வருஷத்துல ரெண்டு மாசத்துக்கு மேல நாட்ட விட்டு வெளிய இருந்திருக்கக் கூடாது.

எங்க மாமா ஒருத்தர் 1986ல போனவர். ஒரு அரபி வீட்டுல டிரைவர். 31 வருஷம் ஒரே கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பு எடுத்துக்கிற முதலாளி. அந்த வீட்டுப் பசங்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவரே அவருதான், அவர் பேசுற அரபியக் கேட்டா நம்ம ஊர்க்காரர்னு கண்டுபிடிக்க முடியாது. அவர்கிட்ட ஒருநாள் இந்தச் சட்டத்தச் சொன்னேன். சிரிச்சுட்டு, "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூணு மாசம் லீவுல வந்தேன்ல மாப்ள, அதுக்கு என்ன பண்றது"ன்னாரு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. டிக்கெட் காசு மிச்சம் பண்றதுக்காக ரெண்டு வருஷ லீவ ஒண்ணா சேர்த்து எடுக்கிற நம்ம பழக்கம் இருக்கே, அதுலயே அந்த 25 வருஷத் தொடர்ச்சி அறுந்து போயிடுது.

சரி, லீவே எடுக்காம இருந்தா? அப்பவும் வருஷத்துக்கு மொத்தமே 50 பேருக்குத்தான் குடுக்கலாம்னு அதே சட்டத்துல உச்சவரம்பு இருக்கு. அதுலயும் கத்தாரி அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்களுக்கு முன்னுரிமை. 30 லட்சம் பேர் இருக்கிற நாட்டுல 50 சீட்டு, மெடிக்கல் சீட்டே பரவாயில்ல. 2018ல பிஆர்னு தனியா ஒண்ணு கொண்டு வந்தாங்க, அது வருஷத்துக்கு 100 பேருக்கு, வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு 20 வருஷம், கத்தார்லயே பொறந்தவங்களுக்கு 10 வருஷம் இருந்திருக்கணும்.

இன்னொண்ணு, அப்படியே கிடைச்சாலும் நீங்க முழு கத்தாரி கிடையாது. 1930க்கு முன்னாடியே அங்க குடியிருந்தவங்க வம்சம்தான் அசல் கத்தாரி. பின்னாடி குடியுரிமை வாங்கினவங்களுக்கு சட்டசபைத் தேர்தல்ல நிக்கவோ ஓட்டுப் போடவோ அந்தச் சட்டமே இடம் குடுக்கல.

இவ்வளவு எண்ணெய்க் காசு வச்சிருக்காங்க, ஏன் இவ்வளவு கறாரா இருக்காங்க?

காசு இருக்கிறதாலதான். நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தா கறி சோறு போடுவோம், பத்து நாள் வச்சுப் பாத்துக்குவோம், ஆனா அவர பங்காளியா சேர்த்துப் பத்திரத்துல பேர் எழுதுவோமா? அங்க குடியுரிமைன்னா பங்காளி ஆகுறது. வீட்டு மனை, வீடு கட்ட கடன், கவர்மெண்ட் வேலை, இலவசப் படிப்பு, வைத்தியம் எல்லாம் குடிமகனுக்குத்தான். கத்தார்லயும் அமீரகத்துலயும் மொத்த ஜனத்தொகையில சொந்த நாட்டுக்காரங்க சுமாரா பத்துல ஒருத்தர்தான். வேலைக்கு வந்தவன் எல்லாருக்கும் பேப்பர் குடுத்தா அவங்க சொந்த ஊர்லயே அவங்க சிறுபான்மைக் குடிமக்களா ஆயிடுவாங்க. அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்த ஊரக் கட்டினதே வந்தவங்கதாங்கிறதும் உண்மை, ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

அமீரகத்துல 2021ல சட்டத்த மாத்திட்டாங்களே, இப்ப ஈஸி தானே?

1972 சட்டப்படி சாதாரண வெளிநாட்டுக்காரர் 30 வருஷம் இருக்கணும், அரபி தெரியணும். அரபு நாட்டுக்காரங்களுக்கு 7 வருஷம், ஓமன், கத்தார், பஹ்ரைன்காரங்களுக்கு 3 வருஷம். 2021 ஜனவரியில முதலீட்டாளர், டாக்டர், விஞ்ஞானி, கலைஞர், கண்டுபிடிப்பாளர் மாதிரி ஆளுங்களுக்கு வழி திறந்தாங்க, பழைய பாஸ்போர்ட்டையும் வச்சுக்கலாம்னாங்க. நம்ம ஆளுங்க உடனே "அப்ளிகேஷன் எங்க கிடைக்கும்"னு ஆரம்பிச்சாங்க. அப்ளிகேஷனே கிடையாதுங்க. ஆட்சியாளர்களோட அலுவலகம், அமைச்சரவை மாதிரி இடத்துல இருந்து அவங்களா உங்க பேர முன்மொழியணும். "நான் வாங்கித் தர்றேன்"னு எவனாவது டைப்பிங் சென்டர்ல உக்காந்து சொன்னா காசக் குடுத்துடாதீங்க.

சவூதியில ஒரு ரோபோட்டுக்கு குடியுரிமை குடுத்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். 2017 அக்டோபர்ல ரியாத்துல நடந்த ஒரு முதலீட்டு மாநாட்டுல சோஃபியாங்கிற ரோபோட்டுக்கு சவூதி குடியுரிமைன்னு அறிவிச்சாங்க. அந்த நேரத்துல எங்க ரூம்ல இருந்த ஒரு அண்ணன், ரியாத்துல 22 வருஷம் இக்காமாவ, அதாவது தங்குற அனுமதி அட்டைய, புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ஓட்டுனவரு, அந்தச் செய்தியப் பாத்துட்டு "அதுக்கு கஃபீல் யாருடா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. ரூமே சிரிச்சுது.

கிடைச்சிட்டா அப்புறம் கவலை இல்லல்ல?

குவைத்தப் பாருங்க. 1959 சட்டப்படி அரபு அல்லாதவங்க 20 வருஷம் இருக்கணும், முஸ்லிமா இருக்கணும்னும் சட்டத்துலயே இருக்கு. மதம் மாறினவங்கன்னா மாறி 5 வருஷம் ஆகியிருக்கணும். இவ்வளவையும் தாண்டி வாங்கினவங்க கதை என்னாச்சுன்னா, 2024ல இருந்து அரசாங்கம் பழைய ஃபைல எல்லாம் திரும்பத் திறந்து பல்லாயிரம் பேரோட குடியுரிமைய ரத்து பண்ணிடுச்சு. பொய்ப் பேப்பர் குடுத்தவங்க, ரெட்டைக் குடியுரிமை வச்சிருந்தவங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் பாத்தா குவைத்திக்காரரக் கல்யாணம் பண்ணிக் குடியுரிமை வாங்கின பொண்ணுங்க பக்கம் போயிடுச்சு. 20, 30 வருஷம் குவைத்தியா வாழ்ந்தவங்க. அதுக்காகப் பழைய நாட்டுக் குடியுரிமையயும் விட்டவங்க. ஒருநாள் லிஸ்ட்ல பேர் வந்துச்சுன்னா அன்னைக்கே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளு. பாடகி நவால், நடிகர் தாவூத் ஹுசைன் மாதிரி அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச முகங்களே அந்த லிஸ்ட்ல வந்தாங்க.

அதவிடக் கொடுமை பிதூன் விஷயம். பிதூன்னா அரபியில 'இல்லாம'ன்னு அர்த்தம், குடியுரிமை இல்லாதவங்க. சுமாரா ஒரு லட்சம் பேர் குவைத்துல இப்படி இருக்காங்க. நாடு உருவானப்ப பாலைவனத்துல இருந்த அவங்க தாத்தா பதிவு பண்ணப் போகல, அதோட பலன பேரன் அனுபவிக்கிறான். அமீரகத்துல இருந்த பிதூன்களுக்கு அந்த அரசாங்கமே ஆப்பிரிக்காக்கிட்ட இருக்கிற கொமோரோஸ் தீவு பாஸ்போர்ட்ட ஏற்பாடு பண்ணிக் குடுத்துச்சு. போய்ப் பாக்காத நாட்டுக்குக் குடிமகன்!

அரபிப் பொண்ணைக் கல்யாணம் பண்ணினா?

கேக்குறவங்க எல்லாரும் ஆம்பளைங்கதான், சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. பதில் இல்லைங்கிறதுதான். அங்கல்லாம் குடியுரிமை அப்பா வழியாத்தான் போகும். வெளிநாட்டுப் புருஷனுக்கு கிடைக்காதுன்றது இருக்கட்டும், அந்த அம்மாவுக்குப் பொறக்கிற பிள்ளைக்கே தானா கிடைக்காது. லெபனான்லயும் அதே கதை, அம்மா லெபனான்காரி, அங்கயே பொறந்து வளந்த பிள்ளை, ஆனா வெளிநாட்டுக்காரன். மதவாரிக் கணக்கு குழம்பிடும்னு அங்க 1932க்கு அப்புறம் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடத்தலன்னா பாத்துக்குங்க.

சுவிட்சர்லாந்துல நிறைய இலங்கைத் தமிழர் இருக்காங்களே, அங்க ஏன் கஷ்டம்ங்கிறீங்க?

எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் 1989ல அங்க போனவர். ஒரு ஹோட்டல் கிச்சன்ல பாத்திரம் கழுவ ஆரம்பிச்சு இப்ப அங்கயே சமையல்காரர். அவர்கிட்ட கேட்டா விடிய விடியச் சொல்வாரு.

சுவிஸ்ல மூணு வாசல் தாண்டணும். நீங்க குடியிருக்கிற ஊராட்சி, அதாவது கெமைண்டே, அப்புறம் மாநிலம் மாதிரி இருக்கிற கன்டோன், அப்புறம் மத்திய அரசு. மூணும் சரின்னு சொல்லணும். 2018ல வந்த புதுச் சட்டப்படி நாட்டுல 10 வருஷம் இருந்திருக்கணும், முன்னாடி 12 வருஷம். அதோட அந்தக் கன்டோன்லயும் ஊர்லயும் 2ல இருந்து 5 வருஷம் வரைக்கும் தனியா இருந்திருக்கணும், நடுவுல வேலைக்காக வேற கன்டோனுக்கு வீடு மாறினா அந்தக் கணக்கு முதல்ல இருந்து. கையில சி பெர்மிட், அதாவது அந்த ஊர் பிஆர், இல்லாம அப்ளை பண்ணவே முடியாது. தற்காலிகமா ஏத்துக்கிட்டவங்களுக்குக் குடுக்கிற எஃப் பெர்மிட்ல இருந்த வருஷம் பாதிதான் கணக்குல வரும். கடைசி மூணு வருஷத்துல சமூக உதவிப் பணம் வாங்கியிருந்தா அதத் திருப்பிக் கட்டினாத்தான் பேச்சே.

இதெல்லாம் பேப்பர் வேலை, பொறுமை இருந்தா முடிச்சுடலாம். ஊர்க்காரங்க பேட்டிதான் விஷயம். நண்பர் சொன்னது அப்படியே: "பாசை, சட்டம், வரலாறு எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனன். அவை என்ன கேட்டவை தெரியுமே? பழைய பேப்பர் எடுக்க எண்டைக்கு வருவினம், பக்கத்து வீட்டுக்காரரோட கதைக்கிறனீங்களோ, எந்தச் சங்கத்தில இருக்கிறியள் எண்டு. நான் கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டு சொன்னன். அது சரி, சுவிஸ் ஆக்களோட எங்க சேருறியள் எண்டு கேட்டவை. நான் கிச்சனில எண்டு சொன்னன்." அவருக்கு முதல் தடவ கிடைக்கல. பிறகு ஊர்த் தீயணைப்புப் படையில தொண்டரா சேர்ந்தாரு, ரெண்டாவது தடவ கிடைச்சுது. தீய அணைச்சாரோ இல்லையோ பேட்டியில பாஸ்.

இத வெறும் நண்பர் கதைன்னு நினைச்சுடாதீங்க. ஷ்வீஸ் கன்டோன்ல ஆர்த்ங்கிற ஊர்ல 30 வருஷமா இருந்த இத்தாலிக்காரர் ஒருத்தருக்கு ஊர்க்காரங்க முடியாதுன்னுட்டாங்க. பேட்டியில அவர் தப்பாச் சொன்னதுல ஒண்ணு, பக்கத்து மிருகக்காட்சி சாலையில கரடியும் ஓநாயும் ஒரே அடைப்புக்குள்ள இருக்குங்கிறது அவருக்குத் தெரியல. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2020ல அவர் பக்கம் தீர்ப்பாச்சு. ஆர்கவ் கன்டோன்ல ஒரு நெதர்லாந்துப் பொண்ணு, மாட்டுக் கழுத்துல மணி கட்டக் கூடாதுன்னு பிரச்சாரம் பண்ணினவங்க, ஊர்க்காரங்க ரெண்டு தடவ கை தூக்கி வேண்டாம்னுட்டாங்க. கடைசியா 2017லதான் கிடைச்சுது.

இன்னும் முன்னாடி போனா, லுசேர்ன் பக்கத்துல எம்மென்ங்கிற ஊர்ல 2000ம் வருஷம் விண்ணப்பம் போட்ட 56 பேரோட விவரத்த வச்சு ஊரே ஓட்டுப்பெட்டியில ஓட்டுப் போட்டுச்சு. ஜெயிச்சது 8 பேர், எட்டுமே இத்தாலிக்காரங்க. பால்கன் நாட்டுப் பேர் இருந்தவங்களுக்கு எல்லாம் நாமம். காரணம் சொல்லாம ஒருத்தர நிராகரிக்கக் கூடாது, அதனால ஓட்டுப்பெட்டி முறை செல்லாதுன்னு 2003ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பாலதான் இன்னைக்கு உங்க பேர ரகசிய ஓட்டுக்கு விட முடியாது.

சுவிஸ்ல பொறந்த பிள்ளைக்குத் தானா கிடைக்காதா?

கிடைக்காது. அங்க பொறந்து அங்கயே படிச்சு, வீட்டுல அம்மாகிட்டகூட சுவிஸ் ஜெர்மன்ல பதில் சொல்ற பிள்ளையும் விண்ணப்பம் போட்டுத்தான் ஆகணும். ஒரு சலுகை, 8ல இருந்து 18 வயசு வரைக்கும் இருந்த வருஷங்கள ரெட்டிப்பா எண்ணுவாங்க. தாத்தா காலத்துல இருந்து அங்க இருக்கிற மூணாம் தலைமுறைக்கு வழிய சுலபமாக்கலாம்னு 2017 பிப்ரவரியில வாக்கெடுப்பு வச்சு, ஜனங்க சரின்னாங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் எண்பதுகள்ல போனவங்க, மூணாம் தலைமுறை இப்பத்தான் பள்ளிக்கூடம் போகுது.

குட்டிக் குட்டி நாடுங்க? லீக்டன்ஸ்டைன், அண்டோரா, வத்திக்கான்?

லீக்டன்ஸ்டைன்ல 30 வருஷம். 20 வயசுக்கு முன்னாடி அங்க இருந்த வருஷம் ரெட்டிப்பு. 10 வருஷத்துலயும் வாங்கலாம், ஆனா ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும். பழைய குடியுரிமைய விட்டுடணும், அந்த விதிய எடுத்துடலாமான்னு 2020ல ஜனங்ககிட்ட கேட்டாங்க, வேண்டாம்னுட்டாங்க. மொத்த நாடே 40 ஆயிரம் பேர்தான், நம்ம ஊர்ல ஒரு பேரூராட்சி.

அண்டோராவுல 20 வருஷம், காட்டலான் மொழி தெரியணும், அங்கயும் ரெட்டைக் குடியுரிமை கிடையாது.

வத்திக்கான் தனி ரகம். அங்க பொறந்து யாரும் குடிமகன் ஆக முடியாது, வேலையோட வர்றதுதான் குடியுரிமை. கார்டினால், சுவிஸ் காவலர் மாதிரி ஆளுங்க அங்க வேலையில இருக்கிற வரைக்கும் குடிமகன், வேலை போனா குடியுரிமையும் போச்சு. அப்ப வேற நாடே இல்லன்னா 1929 லாத்தரன் ஒப்பந்தப்படி இத்தாலி ஏத்துக்கும். யோசிச்சுப் பாத்தா வளைகுடா விசா மாதிரியேதான், இவங்க பாஸ்போர்ட்டும் சேர்த்துக் குடுக்கிறாங்க.

பூட்டான் சந்தோஷமான நாடுன்னு சொல்வாங்களே, அங்க போய் இருந்துடலாமா?

சுத்திப் பாத்துட்டு வாங்க. 1985 குடியுரிமைச் சட்டப்படி அப்பா அம்மா ரெண்டு பேரும் பூட்டான் குடிமக்களா இருந்தாத்தான் பிள்ளை பிறப்பால குடிமகன். வெளியாளுன்னா அந்தச் சட்டத்துல 20 வருஷம், 2008 அரசியல் சட்டத்துல 15 வருஷம் இருக்கணும், ஜோங்கா மொழி பேச, படிக்க, எழுதத் தெரியணும், அரசரையோ நாட்டையோ எதிர்த்துப் பேசின பதிவு இருக்கக் கூடாது. எல்லாம் இருந்தாலும் காரணம் சொல்லாமலே நிராகரிக்கலாம்.

அங்க நடந்த பெரிய கொடுமை தெற்குப் பூட்டான்ல. தலைமுறையா விவசாயம் பண்ணிட்டிருந்த நேபாளி பேசுற லோட்ஷம்பா மக்கள். 1988ல ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க, 1958 டிசம்பர் 31க்குள்ள நீ இங்க இருந்ததுக்குச் சாட்சி காட்டுன்னாங்க. சாட்சின்னா 1958ம் வருஷத்து நிலவரி ரசீது. 57 ரசீது இருக்கா, செல்லாது. 59 ரசீதும் செல்லாது. ஜனங்கள எஃப்1ல இருந்து எஃப்7 வரைக்கும் தரம் பிரிச்சாங்க, ஒரே வீட்டுல புருஷன் ஒரு நம்பர், பொண்டாட்டி ஒரு நம்பர். முப்பது வருஷத்துக்கு முன்னாடி கட்டின தீர்வை ரசீது உங்க வீட்டுல இருக்கான்னு இப்பப் போய்த் தேடிப் பாருங்க. தொண்ணூறுகள் ஆரம்பத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல நேபாளத்துல ஜாபா பக்கம் அகதி முகாம்ல வந்து விழுந்தாங்க. 2007க்கு அப்புறம்தான் அமெரிக்கா மாதிரி நாடுங்க அவங்களக் கூட்டிட்டுப் போச்சு.

இனத்த வச்சு மறுக்கிற நாடு இன்னமும் இருக்கா?

இருக்கு. லைபீரியா அரசியல் சட்டத்துலயே கறுப்பினத்தவங்க, அவங்க வம்சாவளிக்கு மட்டும்தான் குடியுரிமைன்னு எழுதியிருக்கு. அமெரிக்காவுல அடிமையா இருந்து விடுதலையாகி வந்தவங்க உருவாக்கின நாடு, வெள்ளைக்காரன் திரும்ப வந்து நிலத்தப் புடுங்கிடுவான்னு அன்னைக்குப் போட்ட வேலி அது. இன்னைக்கு அதுல மாட்டிக்கிட்டு இருக்கிறது அங்க மூணு நாலு தலைமுறையா கடை வச்சிருக்கிற லெபனான்காரங்களும் நம்ம இந்தியர்களும்.

சீனா?

விண்ணப்பிக்கலாம்னு 1980 சட்டத்துல இருக்கு. 2010 கணக்கெடுப்புல அத்தன கோடி ஜனத்துல இப்படிக் குடியுரிமை வாங்கினவங்க 1,448 பேர்தான்.

பணம் இருந்தா வாங்கிடலாமே?

சில நாட்டுல வாங்கலாம். செயின்ட் கிட்ஸ் 1984லயே ஆரம்பிச்சுட்டாங்க, டொமினிக்கா, வனுவாட்டு எல்லாம் முதலீட்டுக்குக் குடுக்குது. மால்டாவும் வித்துட்டு இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது தப்புன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா நான் மேல எழுதின நாடுங்கள்ல பணக்கட்டு காட்டி வரிசையில முந்த முடியாது.

நம்ம இந்தியா மட்டும் லேசா குடுக்குதா?

இந்தக் கேள்விய யாரும் கேக்கிறதில்ல, நானே போட்டுக்கிட்டேன். சட்டப்படி கடைசி 12 மாசம் தொடர்ச்சியாவும், அதுக்கு முன்னாடி 14 வருஷத்துல 11 வருஷமும் இங்க இருந்திருக்கணும், சட்டவிரோதமா வந்தவங்களா இருக்கக் கூடாது. அந்தக் கடைசி வரியிலதான் நம்ம ஊர் முகாம்ல இருக்கிற இலங்கைத் தமிழர் கதை நிக்குது. 1983 கலவரத்துக்கு அப்புறம் படகுல வந்தவன் பாஸ்போர்ட், விசா எடுத்துக்கிட்டா வருவான்? அதனால சட்டவிரோதம். 40 வருஷம் ஆனாலும் வருஷம் கணக்குல ஏறாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூணு நாட்டுல இருந்து வந்தவங்களுக்குத்தான், இலங்கை அதுல இல்ல. 2021ல தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்ங்கிற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு. நல்ல பேர்தான், ஆனா குடியுரிமை குடுக்கிறது டெல்லி.

இதுல ஒரு சின்ன வழி திறந்துச்சு. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பொறந்தவங்க, அப்பா அம்மா யாரா இருந்தாலும், பிறப்பால இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்குப் போட்டு, முடியாதுன்னதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2022ல கோர்ட்டு அவங்க இந்தியர்தான்னு சொல்லிடுச்சு, 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அதே முகாம்ல 88ல பொறந்த தம்பி தங்கச்சிக்கு அந்த வழி கிடையாது, ஏன்னா 87க்கு அப்புறம் அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2004 டிசம்பருக்கு அப்புறம் இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கவும் கூடாது.

இலங்கையில மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததும் இந்தக் கணக்குதானா?

கிட்டத்தட்ட. மலையகத் தமிழர்னா வெள்ளைக்காரன் காலத்துல தோட்ட வேலைக்கு இங்கருந்து போனவங்க வம்சம். 1948 நவம்பர்ல வந்த சட்டம் என்ன கேட்டுச்சுன்னா, உன் அப்பா இலங்கையில பொறந்திருக்கணும், இல்லன்னா அப்பாவைப் பெத்த தாத்தாவும் பூட்டனும் அங்க பொறந்திருக்கணும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல பொறந்த கூலிக்கு யார் பிறப்புப் பதிவு பண்ணி வச்சா? சுமாரா ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்துல நாடத்தவங்க ஆனாங்க. 1964ல ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒண்ணரை லட்சம் அப்புறம் பாத்துக்கலாம்னு பங்கு பிரிச்சாங்க. அந்த மிச்சத்த 1974ல ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டாங்க. கூடலூர், கோத்தகிரி பக்கம் போனா சிலோன் காலனி, தாயகம் திரும்பியோர்னு இன்னும் கேக்கலாம். பாக்கி இருந்தவங்களுக்கு ஒரு முடிவு வந்தது 2003ல போட்ட சட்டத்துலதான்.

மலேசியாவுல சிவப்பு ஐசின்னு சொல்றாங்களே?

ஐசின்னா அங்க அடையாள அட்டை. சிவப்பு ஐசி பிஆர்காரங்களுக்கு. நீல ஐசிதான் குடிமகனுக்கு. 12 வருஷத்துல 10 வருஷம் இருந்து, மலாய் போதுமான அளவு தெரிஞ்சா விண்ணப்பிக்கலாம்னு அரசியல் சட்டம் சொல்லுது, ஆனா குடுக்கிறது அரசாங்கத்தோட விருப்பம். எஸ்டேட்ல பொறந்து, கல்யாணமோ பிறப்போ ஒழுங்காப் பதியாம விட்டதால, மலேசியாவ விட்டு வேற எங்கயும் போகாத தமிழ்ப் பாட்டிங்க சிவப்பு ஐசியோடயே காலத்த ஓட்டினாங்க.

வெளிநாட்டுக் குடியுரிமை கிடைச்சா இந்தியப் பாஸ்போர்ட்டையும் வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. வேற நாட்டுக் குடியுரிமைய நீங்களா வாங்கின நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணணும். ஒளிச்சு வச்சு ரெண்டையும் ஓட்டினா அபராதம், கேஸ் எல்லாம் வரும். ஓசிஐ அட்டை வாங்கிக்கலாம், அது ஆயுசுக்கும் விசா மாதிரி, ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

வளைகுடாவுல பொறந்த என் பிள்ளை எந்த நாடு?

அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தியர்னா பிள்ளையும் இந்தியக் குடிமகனாகலாம், ஆனா தானா நடக்காது. பொறந்த ஒரு வருஷத்துக்குள்ள அங்க இருக்கிற இந்தியத் தூதரகத்துல பதியணும், வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். என் மக தோஹாவுல பொறந்தப்ப ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்ல என் பேருக்கு அரபியில ஒரு எழுத்து மாறிப்போச்சு, அதத் திருத்தவே நாலு மாசம் அலைஞ்சேன். அதனால பிள்ளை பொறந்த வாரமே பேப்பர எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்துடுங்க, தப்பு இருந்தா டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.